பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஹை-எண்ட் ஸ்பீக்கர்: முழுமையான வழிகாட்டி

ஸ்பீக்கருக்கென்று சில லட்சங்களை ஒதுக்கிவிட்டு "எந்த பிராண்ட் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள்தான்: அறை எத்தனைக்கு எத்தனை, நீங்கள் எங்கே உட்காரப் போகிறீர்கள்? 10-க்கு 12 அடி, 10 அடி உயரத்தில் கான்கிரீட் தளம், நான்கு பக்கமும் செங்கல் சுவர், கீழே டைல்ஸ் என்று பதில் வந்தால் கடையில் இருக்கும் பாதி ஸ்பீக்கர்கள் அப்போதே பட்டியலிலிருந்து போய்விடும். நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் வருவது இந்தப் பதில்தான்.

இந்த அளவு அறையில், ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 200 அதிர்வு) கீழே, அதாவது பேஸ் என்கிற கனத்த கீழ்ஸ்தாயிப் பகுதியில், நீங்கள் கேட்பது ஸ்பீக்கரை அல்ல, அறையை. அதற்கு மேலேதான் ஸ்பீக்கரின் குணம் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆளுயர டவர் ஸ்பீக்கர் 25 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது என்று அதற்காக இன்னும் மூன்று லட்சம் கொடுத்தால், அந்தக் காசு முழுவதும் அறை கெடுக்கப்போகும் பகுதிக்குப் போகிறது. குரல், வயலின், வீணை எல்லாம் இருக்கும் நடுப்பகுதிக்குக் கொடுத்த காசு மட்டும்தான் முழுதாகக் காதுக்கு வந்து சேரும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதிலிருந்து வருவதுதான்.

முதல் படி: டேப்பை எடுத்து அறையை அளங்கள்

ஒலி ஒரு நொடியில் சுமார் 1130 அடி போகிறது. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே பாதி அலைநீளம் கச்சிதமாகப் பொருந்தும்போது நிலை அலை உருவாகும். அந்தச் சுரம் மட்டும் வீங்கிக் கேட்கும். கணக்கு சுலபம்: 565-ஐ அடி அளவால் வகுங்கள். 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ். இவற்றின் மடங்குகளிலும், அதாவது 94, 113 என்று, இதே தொல்லை தொடரும்.

இப்போது உயரத்தைப் பாருங்கள். அதுவும் 10 அடி என்றால் அகலமும் உயரமும் ஒரே 56 ஹெர்ட்ஸில் சேர்ந்து நிற்கும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். பாட்டில் கிட்டார்காரர் அந்தச் சுரத்தைத் தொடும்போதெல்லாம் அறை முழுக்க "ம்ம்ம்" என்று நிரம்பி, அடுத்த சுரத்துக்குப் போனதும் பேஸே காணாமல் போவது இதனால்தான். ஸ்பீக்கரை மாற்றினால் இது போகாது. பெரிய ஸ்பீக்கராக மாற்றினால் இன்னும் மோசமாகும்.

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விமர்சனங்களைப் படிக்கும்போது இது முக்கியம். அமெரிக்க வீடுகளில் சுவர் பெரும்பாலும் மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. அது தானும் அதிர்ந்து கொஞ்சம் பேஸை விழுங்கிவிடும், கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வந்ததில் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்பும். ஆகவே அங்கே ஒருவர் "பேஸ் கொஞ்சம் குறைவு" என்று எழுதிய ஸ்பீக்கர் நம் அறையில் மிகச் சரியாக அமைய நல்ல வாய்ப்பு உண்டு. "அபாரமான பேஸ்" என்று எழுதியதைப் பார்த்தால் சின்ன அறைக்காரர் கொஞ்சம் தயங்க வேண்டும்.

இரண்டாம் படி: ஸ்பீக்கருக்கு முன் நாற்காலியின் இடம்

அறையின் நட்டநடுவில் உட்காராதீர்கள், நீளவாக்கில் வரும் முதல் நிலை அலை அங்கே பூஜ்யமாகிவிடும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பின்சுவரை ஒட்டியும் உட்காராதீர்கள், அங்கே எல்லா பேஸும் குவியும். பின்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம் என்பது பலரும் தொடங்கும் புள்ளி. 12 அடிக்கு அது சுமார் நாலரை அடி. அது வேதவாக்கு அல்ல, அங்கிருந்து முன்னும் பின்னும் ஒரு அடி நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பீக்கரின் முகம் முன்சுவரிலிருந்து (ஸ்பீக்கருக்குப் பின்னால், உங்களுக்கு எதிரே இருக்கும் சுவர்) 3 அடி, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஐந்தரை அடி என்று வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் உங்கள் காதிலிருந்து ஐந்தேகால் அடி தூரத்தில் இருக்கும். கிட்டத்தட்ட சமபக்க முக்கோணம். இந்த ஐந்தேகால் அடி என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் என்ன வாங்கலாம், என்ன வாங்கக் கூடாது என்பதை அது சொல்லும். நான்கைந்து டிரைவர்களை (ஒலி எழுப்பும் வட்டங்களை) மேலிருந்து கீழ் வரை அடுக்கிய டவர் ஸ்பீக்கரில், அவற்றின் ஒலி ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஒலியாகக் கேட்க 8, 10 அடியாவது வேண்டும். ஐந்து அடியில் உட்கார்ந்தால் மேல்ஸ்தாயிக்கான ட்வீட்டர் தனியாக, கீழ்ஸ்தாயிக்கான வூஃபர் தனியாகக் கேட்கும். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே குரல் மாறும்.

மூன்றாம் படி: பெட்டியின் அளவும் வகையும்

ஸ்டாண்டில் வைக்கும் இரண்டு-வழி ஸ்பீக்கர் (ஒரு வூஃபர், ஒரு ட்வீட்டர்), 5 முதல் ஆறரை அங்குல வூஃபர். 120 சதுர அடிக்கு என் சிபாரிசு இதுதான், பட்ஜெட் எவ்வளவு இருந்தாலும் சரி. பணம் கூடுதலாக இருந்தால் இதே அளவில் தரத்தை உயர்த்துங்கள், பெட்டியின் உயரத்தை அல்ல.

முழுக்க மூடிய பெட்டியா, போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்ததா என்பது அடுத்த கேள்வி. மூடிய பெட்டியில் பேஸ் ஒரு எண்மத்துக்கு (ஆக்டேவ், அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் மெதுவாகக் குறையும். போர்ட் உள்ளதில் அது கொஞ்சம் கீழே வரை இறங்கிவிட்டு, பிறகு 24 டெசிபல் வீதம் செங்குத்தாக விழும். சின்ன மூடிய அறை மிகக் கீழே உள்ள பேஸைத் தானே தூக்கிக் கொடுக்கும், அந்தத் தூக்கலும் மூடிய பெட்டியின் மெதுவான சரிவும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்தும். அதனால் சின்ன அறைக்கு எனக்கு மூடிய பெட்டிதான் பிடிக்கும். ஆனால் போர்ட் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னால் போர்ட் இருந்தால் சுவரிலிருந்து தள்ளி வைக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில கம்பெனிகள் போர்ட்டை அடைக்க ஃபோம் அடைப்பானையும் கூடவே தருகின்றன, அதைப் போட்டும் கேளுங்கள்.

சின்ன இடத்துக்கென்றே ஸ்பீக்கர் செய்வது புதிய யோசனை இல்லை. 1970களின் நடுவில் பிபிசி, வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்க எல்எஸ்3/5ஏ என்ற குட்டி மானிட்டரை (ஒலியைச் சரிபார்க்கும் ஸ்பீக்கரை) வடிவமைத்தது. சுமார் 5 லிட்டர் மூடிய பெட்டி, கெஃப் கம்பெனியின் டிரைவர்கள். ரோஜர்ஸ், ஸ்பெண்டர், ஹார்பெத் என்று பலர் உரிமம் வாங்கி அதைச் செய்தார்கள். ஆழமான பேஸ் கிடையாது, சத்தமும் அதிகம் வராது, ஆனால் அதில் மனிதக் குரல் கேட்டவர்கள் அதை விடுவதில்லை. இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்றால் காரணம் அந்தக் குரல்தான்.

நான்காம் படி: பக்கவாட்டில் போகும் ஒலி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மேலே சொன்ன அமைப்பில் ஸ்பீக்கர் பக்கச் சுவரிலிருந்து இரண்டேகால் அடியில் நிற்கிறது. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி ஐந்தேகால் அடி பயணிக்கிறது. சுவரில் பட்டு வரும் ஒலி எட்டரை அடி. வித்தியாசம் சுமார் மூன்றேகால் அடி, அதாவது 3 மில்லிசெகண்டுக்கும் கொஞ்சம் குறைவு, சத்தத்திலும் 4 டெசிபல்தான் குறைவு. பெரிய ஹாலில் பக்கச் சுவர் தூரத்தில் இருப்பதால் இந்தப் பிரதிபலிப்பு தாமதமாக, பலவீனமாக வரும். சின்ன அறையில் அது நேர் ஒலியோடு ஒட்டிக்கொண்டு, ஏறக்குறைய அதே பலத்தோடு வருகிறது. காது இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாக எடுத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் ஸ்பீக்கர் பக்கவாட்டில் அனுப்பும் ஒலியும் நேராக அனுப்பும் ஒலியைப் போலவே இருக்க வேண்டும். கொஞ்சம் மங்கலாக இருக்கலாம், ஆனால் அதே குணம். இங்கேதான் பல விலையுயர்ந்த ஸ்பீக்கர்கள் கோட்டை விடுகின்றன. ஆறரை அங்குல வூஃபர் 2000 ஹெர்ட்ஸை நெருங்கும்போதே ஒலியை முன்பக்கமாகக் குவிக்க ஆரம்பிக்கும், ஏனென்றால் அந்த அலைநீளம் கிட்டத்தட்ட வூஃபரின் அகலத்துக்கே வந்துவிடுகிறது. வூஃபரிடமிருந்து ட்வீட்டருக்கு ஒலி மாறும் புள்ளியான கிராஸ்ஓவரை 3000-ல் வைத்து, அதற்கு மேலே ஒரு அங்குல ட்வீட்டரைத் தட்டையான பலகையில் பொருத்தினால், அது திடீரென்று எல்லாப் பக்கமும் விரிந்து ஒலிக்கும். நேரே மைக் வைத்து அளந்தால் கோடு நேராகத்தான் இருக்கும், அறையில் கேட்டால் 'ச', 'ஸ' எல்லாம் கூர்மையாகக் குத்தும். ட்வீட்டரைச் சுற்றி ஆழமில்லாத கிண்ணம் போல வேவ்கைடு வைத்த ஸ்பீக்கர்களிலும், வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டரை வைத்த கோஆக்சியல் ஸ்பீக்கர்களிலும் இந்தத் தாவல் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். கோஆக்சியலுக்கு இன்னொரு நன்மை: இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து வருவதால் ஐந்து அடியில் உட்கார்ந்தாலும் ஒலி பிரியாது.

இதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பிறகு ஹர்மன் கம்பெனியிலும் ஒலியியல் ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த அளவீட்டு முறை, இப்போது சிடிஏ-2034 என்ற தரநிலையாகவே இருக்கிறது, பேச்சுவழக்கில் ஸ்பினோரமா. ஒரே படத்தில் பல கோடுகள் இருக்கும். நேர் ஒலிக்கான மேல்கோடு தட்டையாக இருக்கிறதா, முதல் பிரதிபலிப்புகளுக்கான கோடு மேடு பள்ளம் இல்லாமல் ஒரே சீராகச் சரிகிறதா என்று பாருங்கள். 2000-க்கும் 5000-க்கும் நடுவே அந்தக் கோடு வயிறு தள்ளியது போல் புடைத்தால் சின்ன அறைக்கு அந்த ஸ்பீக்கர் வேண்டாம். முக்கியமான மாடல்களுக்கு இந்தப் படம் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால், கடையில் ஸ்பீக்கரின் முன்னிருந்து மெல்லப் பக்கவாட்டில் நடந்துகொண்டே பேச்சுக் குரலைக் கேளுங்கள். குரல் சீராக மங்கினால் நல்லது, நடுவில் ஓரிடத்தில் நிறம் மாறினால் காது உடனே சொல்லிவிடும்.

ஐந்தாம் படி: பட்டியல் போடுதல்

பெயர் சொல்லாமல் முடித்தால் வழிகாட்டி முழுமையாகாது.

கெஃப் எல்எஸ்50 மெட்டா: 2012-ல் கம்பெனியின் ஐம்பதாவது ஆண்டையொட்டி வந்த எல்எஸ்50-ன் 2020 வடிவம், கோஆக்சியல். ஹை-எண்ட் என்று சொல்லும் விலையில் இது கீழ்ப்படியில்தான் இருக்கிறது, ஆனால் ஐந்து அடி தூரத்தில் இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள பலவற்றைவிட இதையே எடுப்பேன். ஹார்பெத் பி3இஎஸ்ஆர், பிபிசி குட்டி மானிட்டரின் நேர் வாரிசு, மூடிய பெட்டி; கர்நாடக இசையும் குரலும்தான் உங்களுக்கு உயிர் என்றால் இதைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். இதற்கு மேலே ரெவல் எம்126பிஇ, பெரிலியம் ட்வீட்டரும் வேவ்கைடும் உள்ளது, பக்கவாட்டு ஒலியில் மிகச் சீரானது. ஏடிசி எஸ்சிஎம்19 மூடிய பெட்டி, கனமானது, நல்ல வலுவான ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கேட்கும்.

ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர்களை ஸ்டுடியோ சாமான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சின்ன அறைக்கு என் உண்மையான விருப்பம் அங்கேதான். பின்லாந்தின் ஜெனெலெக் 8341 கோஆக்சியல், கூடவே அறைக்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொள்ளும் மென்பொருளும் உண்டு. நாய்மன் கேஎச் 310 மூன்று-வழி, மூடிய பெட்டி. அப்புறம் நெதர்லாந்தின் டச் அண்ட் டச் 8சி: நடுப்பகுதி ஒலி பின்னால் போகாமல் தடுக்கும் வடிவமைப்பு, பேஸுக்கு இரண்டு 8 அங்குல வூஃபர்கள் பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி. மற்ற ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து தள்ளு தள்ளு என்கிறோம், இதைச் சுவருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றே வடிவமைத்திருக்கிறார்கள். மூன்று அடி விட இடமில்லாத அறைக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியாது, விலைதான் நெஞ்சை அடைக்கும்.

குவாட் போன்ற எலக்ட்ரோஸ்டேடிக் பேனல்கள் அழகான ஒலி, மறுக்கவே மாட்டேன். ஆனால் அவை பின்பக்கமும் அதே அளவு ஒலிப்பதால் பின்னால் ஒரு மீட்டராவது இடம் வேண்டும். 12 அடி நீளத்தில் அது கஷ்டம்.

ஆக்டிவ் ஸ்பீக்கரை வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருவதாக இருந்தால் பின்பக்கம் 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ட் மட்டும் ஏற்கும் பெட்டி இங்கே தலைவலி.

ஆம்ப்: அதிகம் யோசிக்க வேண்டாம்

84 டெசிபல் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் வரும் சத்தம்) உள்ள ஸ்பீக்கர், ஐந்தேகால் அடி தூரம், இரண்டு ஸ்பீக்கர்: ஒரு வாட்டுக்குச் சுமார் 83 டெசிபல் காதுக்கு வரும். 50 வாட்டில் 100 டெசிபல், 100 வாட்டில் 103. வீட்டில் சராசரியாக 75 அல்லது 80-ல் கேட்பவருக்கு இது தாராளம். நான்கு ஓம் சுமையைத் தாங்கும் நல்ல 80, 100 வாட் ஆம்ப் போதும். கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்காமல் தடிமனான செம்புக் கம்பியைப் போடுங்கள். மிச்சப் பணத்துக்குக் கீழே வேலை இருக்கிறது.

ஆறாம் படி: கேட்டுப் பார்த்தல்

கடையின் டெமோ அறை பெரும்பாலும் உங்கள் அறையைவிடப் பெரியது. அங்கே கேட்ட பேஸை மறந்துவிடுங்கள், உங்கள் வீட்டில் அது வேறாகத்தான் இருக்கும். நடுப்பகுதியை மட்டும் கவனியுங்கள், அதுவும் உங்கள் வீட்டுத் தூரத்திலேயே, ஐந்தேகால் அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு.

இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே "தெளிவாக இருக்கிறது" என்று தோன்றும், விற்பவர்களுக்கு இது தெரியும். போனில் ஒரு ஒலி அளக்கும் ஆப் போதும், ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து அளந்தால் சரி. மேலே சொன்ன டூலும் சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ளவர்களே ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண் வேறு, திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது கொடுத்தது வேறு. முடிந்தால் நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள்.

எதைக் கேட்பது? நன்றாகத் தெரிந்த பாட்டை. தம்புராவில் சுருதிக்கு மேலே மெல்லிய ஸ்வரங்கள் ஒளிர்ந்துகொண்டே இருக்கும், அவை தனியாகப் பளபளக்காமல் தந்தியோடு சேர்ந்தே கேட்க வேண்டும். நாகஸ்வரம் காதைக் கிழிக்காமல், ஆனால் அதன் வீச்சு குறையாமல் வருகிறதா பாருங்கள். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் வாசிக்கும் கும்கியை நான் மிகவும் நம்புகிறேன். கீழிருந்து வழுக்கி ஏறும் அந்த ஒலி முழுதும் ஒரே அளவில் வந்தால் பேஸ் ஒழுங்காக இருக்கிறது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் வீங்கினால் ஏதோ நிலை அலையில் மாட்டுகிறது. இந்தச் சோதனையைக் கடையைவிட வீட்டில் செய்வதுதான் பயன். வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்க அனுமதிக்கும் கடைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தவறில்லை.

பழையது வாங்குகிறீர்களா? வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் நம் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் பொடிந்துபோகும், ரப்பர் தாங்கும். கடற்கரைப் பக்கத்து வீட்டிலிருந்து வருவது என்றால் பின்பக்க டெர்மினல்களில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏழாம் படி: வீட்டில் நிறுத்துதல்

ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும், அதற்கு ஏற்ற கனமான ஸ்டாண்ட். வூஃபரிலிருந்து முன்சுவர், பக்கச் சுவர், தரை ஆகிய மூன்று தூரங்களும் ஒன்றாக இருக்கக் கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அழிக்கும். 282-ஐ அடித் தூரத்தால் வகுத்தால் அது எங்கே என்று தெரியும். 2 அடிக்கு 141 ஹெர்ட்ஸ், 3 அடிக்கு 94. மூன்றும் 2 அடியாக இருந்தால் 141-ல் பெரிய குழியே விழும், ஆண் குரலின் கனம் போய்விடும்.

ஸ்பீக்கரை உங்களை நோக்கித் திருப்புவது சின்ன அறையில் மிகப் பலன் தரும். நேராக வைத்தால் பக்கச் சுவர் பிரதிபலிப்புக்குப் போவது 58 பாகையில் வெளிப்படும் ஒலி. முழுக்கக் காதைப் பார்த்துத் திருப்பினால் அது 90 பாகைக்கு அருகே போய்விடும், அங்கே ஸ்பீக்கரின் மேல்ஸ்தாயி இயல்பாகவே பலவீனம்.

அடுத்தது ஒலியை உறிஞ்சும் பேனல்கள். நீங்கள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்தட்டும். ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் 4 அங்குல ராக்வூல் அல்லது கிளாஸ்வூல் பேனல், துணி போர்த்தி, சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி. ஒரு அங்குல முட்டை டிரே ஃபோம் வேண்டவே வேண்டாம், அது மேல்ஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு அறையை மந்தமாக்கும். டைல்ஸ் மேல் தடித்த கம்பளம், மெல்லிய ஜமுக்காளம் போதாது. பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் அதிர்ஷ்டம். மூலைகளில் கூரை வரை, பேஸை உறிஞ்சும் தடித்த பேஸ் டிராப். இடம் எவ்வளவு கொடுக்கிறீர்களோ அவ்வளவு பலன். ஸ்டீல் பீரோ அறையில் இருந்தால் வெளியேற்றுங்கள், முடியாவிட்டால் கதவின் உள்ளே ஃபெல்ட் ஒட்டுங்கள், 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது கடகடக்கும். என்னைக் கேட்டால் மொத்த பட்ஜெட்டில் ஆறில் ஒரு பங்கு இந்தப் பகுதிக்குப் போக வேண்டும்.

கடைசிப் படி: அளந்து திருத்துதல்

யூமிக்-1 போன்ற யுஎஸ்பி மைக், ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள். மைக்கைக் காது இருக்கும் இடத்தில் வைத்து 15-லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சோதனை ஒலியை ஓட்டுங்கள். முதல் படியில் காகிதத்தில் போட்ட 47-ம் 56-ம் திரையில் மேடாக எழுந்து நிற்பதைப் பார்க்கலாம், செங்கல் அறையில் 10 டெசிபலுக்கு மேல்கூட. ஸ்ட்ரீமரிலோ (இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் கருவி) ஆம்பிலோ, குறிப்பிட்ட அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ வசதி இருந்தால் அந்த மேட்டை மட்டும் வெட்டுங்கள், உதாரணமாக 56-ல் 8 டெசிபல் குறைப்பு. குழியை நிரப்ப முயலாதீர்கள்; எவ்வளவு சக்தி கொடுத்தாலும் சுவர் திருப்பி அனுப்பி அழித்துவிடும், வூஃபர்தான் வீணாக உழைக்கும். குழிக்கு மருந்து நாற்காலியை நகர்த்துவது. 200-க்கு மேலே ஈக்யூவால் எதையும் தொடாதீர்கள், அங்கே நல்ல ஸ்பீக்கருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

இத்தனைக்கும் பிறகும் கீழே இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றினால் பேஸுக்கென்றே தனியாக இருக்கும் சப்வூஃபர். ஒன்று பெரியதாக வாங்குவதைவிடச் சின்னதாக, மூடிய பெட்டியாக இரண்டு வாங்குங்கள். ஒன்றை முன்சுவரின் நடுவிலும் மற்றொன்றைப் பின்சுவரின் நடுவிலும் வைத்து, இரண்டுக்கும் ஒரே சிக்னல் கொடுத்தால், நீளவாக்கில் வரும் 47 ஹெர்ட்ஸை ஒன்று கிளப்ப மற்றொன்று அடக்கும். நடுவில் வைத்திருப்பதால் அகலவாக்கில் வரும் 56-ஐயும் அவை பெரிதாகக் கிளப்பாது; உயரத்தால் வரும் 56-க்கு மட்டும் ஈக்யூவில் போட்ட வெட்டு தேவைப்படும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்குப் போகும்படி பிரித்து, சப்பின் சத்தத்தைக் குறைவாகத் தொடங்கி, கும்கி சீராகக் கேட்கும் வரை மட்டும் ஏற்றுங்கள்.